உருகிப்போன செங்கல்

என்னங்க,

இன்று காலை கொத்தனார் வேலியோரம் கிடந்த கறுப்புக் கட்டியைச் சம்மட்டியால் உடைத்தார். கடைக்கால் குழியில் போடப் போகிறாராம். உடைந்த இடமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒருகாலத்தில் இது செங்கல் என்று சொன்னேன். சிரித்தார்.

வீடு கட்டுவது நம் மகள். காட்டுமன்னார்கோயிலில் நீங்கள் வாங்கிப்போட்ட அதே மனையில்தான்.

அப்போது, செங்கல்லை விலைக்கு வாங்குவானேன், நம்ம மண்ணு இருக்கு, நாமே சூளை போடலாம் என்றீர்கள். கோடை முழுக்க ரெண்டு பேருமாகக் கல் அறுத்தோம். மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலையைக் கொளுத்திச் சூளையை மூட்டியது நான். வீராணம் ஏரிப் பக்கம் வானம் கறுத்ததும் உங்களுக்குப் பதற்றம் வந்துவிட்டது. மழைக்கு முன்னால் வெந்துவிட வேண்டுமென்று, பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரிக்கொட்டை ஓட்டைக் கூடை கூடையாகத் தள்ளினீர்கள். அதன் எண்ணெய் எரிகிற சூட்டுக்கு விறகா ஈடு? பிரித்துப் பார்த்தால் நடுவிலிருந்த கல்லெல்லாம் உருகி ஒட்டி ஒரே கட்டி. மழையும் வரவில்லை, பாழாய்ப்போன மழை.

செருப்பை வழியில் விட்டாலே தெருவுக்குக் கேட்கத் திட்டுகிறவள் நான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பேசாமல் சோறு போட்டேன். மறுநாளும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. நீங்களும் வீடு கட்டும் பேச்சை எடுக்கவே இல்லை. கடலூரில் வேலை கிடைத்தது, வாடகை வீட்டிலேயே காலம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்:

"சூளை போச்சே, அன்னிக்கு ஏன் என்னைத் திட்டல? அவ்ளோ வெறுத்துட்டியா?"

இல்லைங்க என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. தலையை ஆட்டினீர்கள். நம்பவில்லை என்று தெரிந்தது. அதன்பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை.

பாவம் மனுஷன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்க, நீங்கள் வருஷக்கணக்கில் அந்தத் திட்டுக்குக் காத்திருந்திருக்கிறீர்கள். வீடு எழும்பிவிடும், பேத்தி ஓடி விளையாடுவாள். உங்களுக்குத் தரவேண்டிய அந்தத் திட்டு மட்டும் பாக்கி நிற்கிறது. இப்போதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏங்க, மழைக்குப் பயந்து யாராவது அம்மாம் முந்திரி ஓட்டை அள்ளிப் போடுவாங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு? சரி, போனது போவுது. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.