ஒரு பிடி முந்திரி

அன்புத் தங்கைக்கு,

குழந்தை எழில் தேறிவிட்டாள் என்று தெரியும். இருந்தும் நான்கு நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொரட்டூருக்கு வந்தபோது, அடுப்பே பற்றவைக்காமல் கண்ணாடி டம்ளர்களில் மாம்பழ புட்டிங் செய்தேன் அல்லவா? அடியில் பொடித்த பிஸ்கட், மேலே க்ரீம், அதற்கும் மேலே பழத்துண்டுகள். பிஸ்கட் நீ வாங்கி வந்தது. இரண்டாவது வாயிலேயே குழந்தைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் உன் வீட்டுக்காரர் கத்தினார். "பாக்கெட்ல இன்னா போட்டுக்கீதுன்னு படிச்சுப் பாத்து வாங்க மாட்டியா? பெத்தவதானே நீ?" நீ அழுதாய். நான் உன் தோளில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பாக்கெட்டில் தப்பு ஒன்றும் இல்லை. பிஸ்கட் போதாதென்று ஒரு பிடி முந்திரியை அரைத்துச் சேர்த்தவள் நான். "அவளுக்கு முந்திரி ஆவாதுக்கா" என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! தலைப்பிள்ளைக்காரியின் வீண் பயம் என்று நினைத்துவிட்டேன்.

இன்று காலை ஆவடிக்கு வந்து, வேலைக்குக் கிளம்பிய அவரைத் தெருமுனையில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். "இனிமே அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்றார். உன் முகத்தில் விழிக்க எனக்கும் துணிவில்லை, அப்படியே ரயிலேறிவிட்டேன்.

அவர் மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள். அந்தத் திட்டு எனக்கு விழ வேண்டியது.

உன் அக்கா