சைவப் பேய்கள்

மச்சாள்,

இன்று காலை பால் சுட வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகிப்போனது. அந்த மணம் போகட்டும் என்று முன்னறை யன்னலைத் திறந்தால், எதிர்வீட்டு வாசலில் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய் ஒன்று என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது. கந்த சஷ்டியும் ஹலோவீனும் கிட்டக்கிட்ட வருகிற காலத்தில் எங்கள் வீட்டு மணமே இதுதானே. விரதத்துக்குப் பால் காய்ச்சுவோம், காய்ச்சிக் கருக்குவோம், நீங்கள் பெல்லை அடிக்காமல் கதவில் தட்டுவீர்கள். "பிள்ளை, படம் கொண்டு வந்திருக்கிறன், திற."

நேற்று உங்கள் மகள் தாரணி வந்தாள். அதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை அவள் போன் எடுத்தாள். நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வராத பிள்ளை. "மாமி, சனிக்கிழமை வரட்டோ? அம்மா இந்த வருசத்துக்கெண்டு சொல்லி வைச்ச படத்தைப் பாப்பம்" என்றாள். எனக்குச் சரியான சந்தோசம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா நீங்கள் முதல் பாருங்கோ, ப்ளீஸ். ஹாஸ்பிட்டல் வருதோ, கட்டில்ல ஆரும் படுத்திருக்கினமோ எண்டு எனக்கு முன்னமே சொல்லோணும். பேயெல்லாம் ஓகே மாமி. அது மட்டும் எனக்கு ஏலாது."

"ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் ஒரு பேய்ப் படத்தைத் தனியாகப் பார்ப்பதா? இந்த உலகத்தில் என் பயம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தானே.

கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்த புதிதில் நான் இருந்த இருப்பு உங்களுக்கு நினைவிருக்கும். என்னைக் கட்டிய உங்கள் தம்பி பெற்றோல் நிலையத்துக்கு ஷிப்டுக்குப் போய்விடுவார். இந்தக் கிங்ஸ்பரி வீட்டில் ஹீற்றர் குழாய் டொக் டொக் என்றால் நான் பட்டப்பகலில் எல்லா லைற்றையும் போட்டுவிட்டு மாடிப்படியில் குந்தியிருப்பேன். நீங்கள் அப்போதுதான் பாரிசிலிருந்து குடும்பத்தோடு மாறி வந்து, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தீர்கள். அந்த வருசத்துச் சஷ்டியில் எனக்குப் பசியும் பயமும் சேர்ந்து அழுகை வந்துவிட்டது. நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு டிவிடியோடு வந்து திரைச்சீலையை இழுத்து மூடினீர்கள். "பயப்பிடுறதெண்டால் ஒழுங்காப் பயப்பிடு. பசியும் தெரியாது" என்றீர்கள்.

அப்படித் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு சஷ்டிக்கும் அதுதான் எங்கள் வழக்கம். காலையில் கோயில், மத்தியானம் பேய். ஒரு சட்டம் மட்டும் வைத்திருந்தீர்கள். விரத நாளில் இரத்தம் பார்க்கக்கூடாது. கடிக்கிற பேய், குடிக்கிற பேய், வெட்டிக் கொத்துகிற ஆட்கள், ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. "சைவப் பேய் மட்டும்தான்" என்பீர்கள். உருட்டும், மிரட்டும், கதவைத் திறக்கும், மூடும். வாயில் ஒன்றும் வைக்காது. அப்படிப்பட்ட பேய்களை எங்கேதான் தேடிப் பிடித்தீர்களோ! அப்டன் பார்க் கடையில் படம் வாங்கும்போது, "தம்பி, இதில இரத்தம் இருக்கோ?" என்று நீங்கள் கேட்டதற்கு அந்தப் பெடியன் திருதிருவென்று முழித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கோயிலில் ஒரு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "விரதம் பிடிச்சுக்கொண்டு பேய்ப்படமோ?" என்று கேட்டார். "சூரனைவிடப் பெரிய பேயே அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு?" என்று நீங்கள் கேட்க, அவர் திருநீற்றைப் பூசிக்கொண்டு போய்விட்டார்.

நம் ஊர்ப் பேய்ப் படங்கள் உங்களுக்குச் சரிவரவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய பேயைக் கண்டால் பயப்படாமல், "இதுக்கு ஆர் சீலை தோய்ச்சுக் குடுக்கிறது? ஒரு ஊத்தை இல்லை பார்" என்று வாயைக் கொடுப்பீர்கள். யப்பான் படத்துப் பேய்தான் உங்களுக்கு மரியாதைக்குரியது. ஒரு சத்தமும் போடாமல் மூலையில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிடித்தவை பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்கள். பெரிய வீடு, நீளமான மாடிப்படி, காற்று. கடைசி வரைக்கும் பேயைக் காட்டவே மாட்டார்கள். "இதுதான் படம்" என்று பெருமூச்சு விடுவீர்கள்.

நான் அவற்றையெல்லாம் பார்த்து முடித்தது என் தைரியத்தால் அல்ல. நீங்கள் பக்கத்திலிருந்து முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். "இப்ப கதவு திறக்கும், காத்துத்தான்." "இப்ப ஒரு சத்தம் வரும், பூனை, பயப்பிடாதை." "இது மெய்யான பேய், கண்ணை மூடு. நான் சொல்லேக்க திற." நான் மூடுவேன். சொன்னால்தான் திறப்பேன். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதே இல்லை. பேய்களின் போக்கு தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன், விசரி.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று அண்ணை சொன்னார். உங்கள் கணவரை நான் அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், தெரியும்தானே. "அவ முதல் நாளே படத்தைத் தனியாக் குந்தியிருந்து பாத்திடுவா, பிள்ளை. உனக்குச் சொல்லவேணுமெண்டு. குசன் ஒண்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நடுங்குவா. அந்தக் கிழமை முழுக்கக் குசினிக்குப் போறதெண்டாலும் நான் துணைக்குப் போகவேணும்." சொல்லிவிட்டு மனிசன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மச்சாள், எனக்கு உங்களில் கோபம் வந்தது. இவ்வளவு பயத்தையும் எனக்காகத் தனியாகப் பட்டிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஹாஸ்பிட்டலில் ஒருநாள் மத்தியானம் நானும் நீங்களும் மட்டும் இருந்தோம். "பயமா இருக்கோ மச்சாள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதுதான், வாயில் வந்துவிட்டது. "பயமில்லாமல் இருக்குமே? படமெண்டால் நான் முதல் பாத்திட்டு வந்து உனக்குச் சொல்லுவன். இதை வந்து சொல்ல ஏலாது, அதுதான் கவலை" என்றீர்கள். அந்தக் கட்டிலிலும் உங்களுக்கு என் பயம்தான் யோசனை.

ஆகவே, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் உங்கள் வேலையைச் செய்தேன். திரைச்சீலையை மூடவில்லை, அவ்வளவு துணிவு இல்லை. முதல் கதவு திறந்தபோதே படத்தை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றேன். தாரணியை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பழைய வீடு, கடற்கரை, மாடியில் யாரோ நடக்கிற சத்தம். பாதிக்குப் பிறகு அது வந்தது. யன்னலோரக் கட்டிலில் நோயாளித் தாய் ஒருத்தி. மகள் தண்ணீர் எடுக்கப் போய் வருகிறாள். கட்டில் வெறுமையாக இருக்கிறது. பேய் ஒன்றும் இல்லை. நான்தான் விம்மி விம்மி அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பின்னுக்கு ஓட்டித் திரும்பப் பார்த்தேன். மணிக்கூடு அடிக்கும், மகள் படியேறுவாள், அதற்குப் பிறகு கட்டில். பாடமாக்கிக்கொண்டேன்.

நேற்றுத் தாரணி எனக்கு ஒரு குலை முந்திரிகைப் பழமும் தனக்குச் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். நன்றாக மெலிந்துவிட்டாள் மச்சாள், உங்கள் முகவெட்டு இப்போதுதான் தெரிகிறது. சோபாவில் என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். "இப்ப கதவு, காத்துத்தான்" என்றேன். "மாமி, அம்மா மாதிரியே சொல்லுறீங்கள்" என்று சிரித்தாள். மணிக்கூடு அடித்தது. "இப்ப கட்டில் வரும், கண்ணை மூடு. நான் சொல்லேக்க திற."

உடனே மூடினாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை என் தோளில் புதைத்தாள். தோள் நனைந்தது. "முடிஞ்சுதோ மாமி?" என்றாள். "இன்னும் இல்லை" என்றேன். திரையில் அந்தக் காட்சி எப்போதோ போய்விட்டது. ஒரு கிழவர் கடற்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்தார். நாய் குரைத்தது அவளுக்கும் கேட்டிருக்கும். என்றாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் விடவில்லை.

"முடிஞ்சுதோ?" என்று திரும்பவும் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு, பிள்ளை" என்றேன்.