இரண்டோடு நிறுத்துங்கள் என்று மைக்கில் சொன்னேன்

ஜூலை 11, வெள்ளி

மேகம் மட்டும், மழை இல்லை. பாலக்கோடு மண்டியில் வரத்து அதிகம், தக்காளி விலை படுத்துவிட்டது. பெங்களூர் பார்ட்டிக்குப் போன். தார்ப்பாய் வாங்க வேண்டும்.

மக்கள் தொகை நாள் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் மண்டி வாசலில் மைக் கட்டினார்கள். நர்சம்மா நன்றாகப் பேசினார். பதினெட்டுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது, பிரசவம் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி, பச்சைக் குழந்தை சாகவே கூடாது. நாட்டின் கொள்கையாம். என்னையும் பேசச் சொன்னார்கள். "ரெண்டோட நிறுத்துங்க, நிம்மதியா இருங்க" என்றேன். கைதட்டல்.

வெங்காயக் கடை பாஷா: "மூணு பெத்த வாயி பேசுது பாருங்க!" ஒரே சிரிப்பு. நானும்தான்.

சரசுவும் நின்று கேட்டாள். வீட்டுக்காரன் மைக்கில் பேசுகிறான் என்று அவளுக்கும் பெருமை போல. நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

காரிமங்கலத்துக்குக் காய் ஏற்றப் போன வேன் மாலை வெறுமனே வந்தது. பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே சாக்கு மடித்துப் போட்டிருந்தது. ஆள் உட்கார்ந்த தடம். ஓரத்தில் வாடின மல்லிச் சரம். டிரைவர் மாதையனைக் கூப்பிட்டேன்.

"காய் எங்கடா?"

"காய் இல்லீங்க மொதலாளி. பொம்பளைங்க சவாரி. அம்மாதான் அனுப்புனாங்க."

"எங்க?"

"தோப்பு வூட்டுக்குங்க. வவுத்துல ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்றாங்களே, அங்க. மெசின பையில கொண்டாராங்க." தலையைச் சொறிந்தான். "சின்னம்மாவும் வந்தாங்க."

சின்னம்மா என்றால் என் மருமகள் கவிதா. நாலு மாதம். மூத்தது பெண், யாழினி. பாஷா வந்து ஏதோ சொன்னார். காதில் ஏறவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சரசு எதையும் மறைக்கவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

"ஆமா, அனுப்புனேன். தனியா போனா ஊரு பாக்கும்னு நாலு பேரோட சேத்து. பொண்ணாம். நாளைக்குக் காலையில மறுக்கா போவணும்."

எதற்கு என்றேன், தெரிந்தே.

"ரெண்டோட நிறுத்துன்னு மைக்குல சொன்னது யாரு? ரெண்டுல ஒண்ணு பையன் வேண்டாமா? மண்டியில நீங்க காய் கழிக்கறதில்லியா?"

எத்தனையோ வியாபாரியை மடக்கிய வாய். அதைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன்.

ஓசூரில் வேலையில் இருக்கும் மகனுக்குப் போன். "அம்மா சொல்றதும் சரிதானேப்பா." வைத்துவிட்டேன். படித்த பிள்ளை.

கவிதாவை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்: "எனக்கு இந்தப் புள்ள வேணும் மாமா."

ஜூலை 14, திங்கள்

தூறல். வேன் சாவி என் பையில். கவிதாவையும் யாழினியையும் முன் சீட்டில் ஏற்றினேன்.

சரசு வாசலை மறித்தாள். "எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பொம்மிடிக்கு. அவங்கம்மா வூட்டுக்கு. பொறந்தப்பறம் வந்து பாரு."

"மைக்குல ஒண்ணு, வூட்டுல ஒண்ணா?"

வண்டியை எடுத்தேன்.

யாழினி தூங்கிவிட்டாள். அப்புறம் கவிதா: "மாமா, என்கூட வந்த நாலு பேர்ல ரெண்டு பேரு அழுதுட்டே வந்தாங்க. அவங்களையும் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"நம்ம வண்டிதான் இங்க இருக்குதே."

"வேற வண்டி கெடைக்காதா மாமா?"

புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன். தோப்புக்கு வழி கவிதாவுக்குத் தெரியும். புகார் சொன்னால் சரசு பேரும் வரும். ஏற்றிப்போன வேன் என்னுது. யாழினி தூக்கத்தில் கியர் மேல் காலைப் போட்டாள். எடுத்து மடியில் வைத்தேன்.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாருங்க பேசறது?"

பேரைச் சொன்னேன்.