சோலார் விளக்குக்குக் கீழே உன் வீடு

ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்திருக்கிறார்கள். பாதி காய்ந்தும் பாதி அழுகியும் கிடக்கிறது. சேறும் மீனும் இலையும் கலந்த நாற்றம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போனார்கள். நான் நின்றுவிட்டேன். உன் வீட்டுக்கு வந்தால் முதலில் வரவேற்பது இந்த நாற்றம்தானே. முதல்முறை நான் முகம் சுளித்தபோது, "இன்னா மேடம், சென்ட் புடிக்கலியா?" என்று கேட்டாய். பிளஸ் டூவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனாலும் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், மாடி வீட்டுக் காலனிப் பெண் என்பதால் நான் உனக்கு மேடம். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாய்.

நின்றுகொண்டிருந்தபோதே கரை நெடுக விளக்குகள் எரியத் தொடங்கின. இருட்டினால் தானாக எரிகிற சோலார் விளக்குகள். வேப்பமரத்தை வைத்து இடத்தை அடையாளம் பார்த்தேன். மரம், அதை ஒட்டித் தண்ணீர்க் குழாய், அதற்கு அடுத்து உன் அம்மா மீன் வறுக்கிற அடுப்பு. அந்த அடுப்பு இருந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது.

அந்த விளக்கைக் கேட்டதே நீதான்.

தாம்பரத்தில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை முடித்து நீ வருவாய். நான் கிண்டி அலுவலகத்திலிருந்து ரயிலில் வருவேன். கரையில் கிடந்த கருங்கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்போம். அப்போது ஏரியில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு அபார்ட்மெண்ட், தன் மதில் சுவரை ஏரிக்குள்ளேயே இழுத்துக் கட்டியிருந்தது. ஒருநாள் நீ போனில் ஒரு சட்டத்தைத் தேடி எடுத்தாய். ஏரி குளங்களைக் காக்க மாநில அரசு போட்ட சட்டம். அளக்க வேண்டும், எல்லைக் கல் நட வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று உரக்கப் படித்தாய். "நம்ம ஏரியப் பாத்துட்டே எழுதிக்கீறான்டி!" என்று என் தொடையில் அடித்தாய். இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது.

வறுத்த ஜிலேபி மீனைத் தட்டில் கொண்டுவந்த உன் அம்மா மட்டும் நின்று கேட்டார். "அப்டின்னா நம்ம வூடு?"

"நம்ம வூட்டுக்கு இன்னாம்மா? ஈபி கார்டு கீது, வரி ரசீது கீது, ரேஷன் கார்டு கீது. கவர்மெண்டே கரண்ட் குடுத்துட்டு, கவர்மெண்டே ஆக்கிரமிப்புன்னு சொல்லுமா?"

அந்தத் தெருவில் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள். நானும்தான். மின்சார வாரியத்தின் அந்த அட்டை இருந்தால் வீடு நமக்குத்தான் என்று. நீ எழுதிய மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டது. குப்பை கொட்டுவதை நிறுத்த வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும், கரையில் பெண்கள் நடக்க விளக்குப் போட வேண்டும். கடைசி வரியில் நீயே ஒரு வார்த்தையைச் சேர்த்தாய். "சோலார்னு போடுவோம். கவர்மெண்டுக்கு இப்ப அதான் புடிக்கும்."

அரசு ஆட்கள் ஏரியை அளக்க வந்த அன்று நீ திருவிழாவுக்கு நிற்பவள் மாதிரி நின்றாய். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாய். அபார்ட்மெண்ட் தோட்டத்துக்குள், குழந்தைகள் ஆடும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு எல்லைக் கல்லை நட்டார்கள். நீ விசிலடித்தாய். பிறகு அளவுச் சங்கிலி உங்கள் தெருவுக்கு வந்தது. கல் உன் வீட்டைத் தாண்டிப் போய் நின்றது; உன் வீடு ஏரிக்குள் வந்துவிட்டது. ஒருவர் உங்கள் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு எண் எழுதினார்.

"எங்க வூட்டுக்கு ஏற்கெனவே நம்பர் கீது சார்" என்றாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அபார்ட்மெண்ட் கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டது. உங்களுக்கு ஒரு வக்கீல் கிடைப்பதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. ஏரியைக் காக்கிற சட்டம் நல்ல சட்டம்தான். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தால் ஓடிவருகிற அந்தச் சட்டம், செக்யூரிட்டி நிற்கிற கேட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறது. இதைச் சொன்னால் என் அலுவலகத்தில், "அப்போ ஏரி வேணாமா?" என்று கேட்கிறார்கள். ஏரி வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுத்தது அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவள் என்றால் நம்புவதில்லை.

இடித்த அன்று நீ அழவில்லை. ஈபி ஆள் மீட்டரைக் கழற்றும்போது, "பாத்து அண்ணா, ஷாக் அடிக்கும்" என்றாய். ஜேசிபி டிரைவர் தண்ணீர் கேட்டபோது உன் அம்மா சொம்பில் கொடுத்தார். நான் கத்தினேன். "அவன் இன்னாம்மா பண்ணுவான், டூட்டி" என்றார். மினி லாரியில் ஏறும்போது அந்த ஈபி கார்டை என் பையில் செருகினாய். "நீ வெச்சுக்கோ மேடம். மீட்டரே பூட்ச்சு, கார்டு எதுக்கு?"

மேடவாக்கம் தாண்டி உங்களுக்குக் கொடுத்த அடுக்குமாடிக்கு முதல் மழையில் வந்தேன். கீழே முட்டிவரை தண்ணீர். ஜன்னலைத் திறந்து கோரைப்புல்லைக் காட்டிச் சிரித்தாய். "ஏரில இருந்து தூக்கி எங்க போட்டாங்க பாத்தியா? சதுப்புல!" சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன், அந்த மனுவை எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று.

"மனு தப்பு இல்லடி" என்றாய். "பாதிதான் படிச்சாங்க."

அங்கிருந்து தாம்பரத்துக்கு இரண்டு பஸ். கடைக்கு லேட்டாகிறது என்று பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினாய். அந்த ரோட்டில்தான் தண்ணீர் லாரி உன்னை அடித்தது. அதைப் பற்றி எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

ஏரி இப்போது அழகாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நீர்க்காகங்கள் வந்திருக்கின்றன. பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். நீ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நட்ட கல்லை மட்டும் காணோம். அங்கே ஒரு செம்பருத்தித் தொட்டி இருக்கிறது.

மீதிப் பாதியை நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஸ்டே எப்போதோ முடிந்துவிட்டது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். இந்த முகவரி ஆக்கிரமிப்பு என்றால், அதே ஏரிக்குள் நிற்கும் அந்த மதில் என்ன என்று கேட்டு மனு. கூடவே உன் ஈபி கார்டின் நகல்.

வாங்கிய அலுவலர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இப்படி ஒரு வீடே அங்க இல்லையேம்மா" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "அந்த மதில் சுவர் இருக்கு."