மஞ்சூரில் செல்லும் அரையணா

அன்புள்ள சேவியருக்கு,

குன்னூர் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. பித்தளை வில்லை. ஒரு பக்கம் 'அரையணா', மறுபக்கம் ஒரு சேவல். கடையின் பெயர் தேய்ந்துவிட்டது. நீ பேக்கரி என்பாய், நான் மளிகை என்பேன். இப்போது மளிகை என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. அதனால் இன்னும் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு நான் வகுப்பெடுப்பேனே, நினைவிருக்கிறதா? யுத்த காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு. மீதி கொடுக்கக் காசில்லாத கடைக்காரர்கள் தாங்களே டோக்கன் அடித்துக் கொடுத்தார்கள். அது அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு நடக்கும் மரியாதை மாதிரி. தெருமுனை தாண்டினால் யாரும் சீந்த மாட்டார்கள்.

நீ உடனே குறுக்கே விழுவாய். "எங்க ஊட்ல எல்லா டோக்கனும் செல்லுமுங்க. ஒண்ணுக்கு ஒரு டீ!"

அதுவே வழக்கமாயிற்று. எது கிடைத்தாலும் நான் மஞ்சூர் பஸ் ஏறி உன் மேசையில் வைப்பேன். நீ ஊட்டிக்கு வந்து என் மேசையில் வைப்பாய்.

உன் அடக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் வரவில்லை. கடைக்காரர் போனபின் டோக்கனை யாரிடம் நீட்டுவது?

நேற்று வந்தேன். உன் வீட்டுக்காரி மேரிதான் கதவைத் திறந்தாள். உன் நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தது. டீ வந்தது. டோக்கன் சட்டைப்பையில் இருந்தது, எடுக்க மனம் வரவில்லை. மழை, பஸ், தேயிலை ஃபேக்டரி என்று ஏதேதோ பேசிவிட்டு எழுந்தேன். செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து கையை நீட்டினாள்.

"ஏனுங்கண்ணா, டோக்கன் எங்கீங்க?"

"அவன் இல்லையேம்மா…"

"அவரு பேச்சு மட்டுந்தானுங்க பேசுனாரு. இத்தன வருசமா டீ வெச்சது ஆருங்கண்ணா?"

கொடுத்தேன். முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். "சேவலு போட்டிருக்குதுங்க. முட்டைக் கடையா இருக்கும்."

நம் இருவருக்கும் இது ஏன் தோன்றியிருக்காது, சேவியர்?

"அவரு டோக்கன் டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்துட்டு நானும் ஒரு நாளைக்கு ஊட்டிக்கு வரட்டுங்களா? செல்லுமுங்களா?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிப் படியிறங்கிவிட்டேன்.

நீ போனபிறகு என் வீட்டுக் கதவைத் தட்டியவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் மட்டும்தான். மேசையில் தூசி. இன்று துடைத்தேன். நாளை மேரிக்குப் போன் செய்து சொல்கிறேன்: உன் டப்பாவில் இருப்பது எல்லாம் இங்கே செல்லும், நான் இருக்கும்வரை.

உன் பங்காளி,
ஊட்டி வாத்தியார்