பேரேரிக் கரையும் முத்திரையிட்ட நூலும்

மங்கலம் பெருகுக. ஆறு வற்றாத, அறம் வழுவாத செம்மலை நாட்டை ஆளும் பேரரசி, கற்றோரைப் போற்றுவதில் நிகரற்ற நல்லினித் தேவியாரின் திருமுன்பு, வெண்ணாவல் நாட்டுப் பேரமைச்சர் கொற்றங்குமரனார் வணங்கி விடுக்கும் ஓலை. சொல்பவர் அமைச்சர், எழுதுபவன் ஓலைநாயகம் பூதன் சேந்தன். தேவியாரின் குடியும் படையும் கழனியும் தழைக்க விரிவாக வாழ்த்துவதே முறை. அமைச்சரோ ஒரு வரி சொல்வதற்குள் இருமுறை எழுந்துபோய் வானத்தைப் பார்க்கிறார். வாழ்த்துச் சுருங்கியதைப் பொறுத்தருள்க.

எங்கள் கருங்கயல் பேரேரியின் கரையடியில் கசிவு கண்டது. தெளிந்து வந்த நீர் சில நாளாகக் கலங்கி வருகிறது. கரைக்குக் கீழே மூன்று ஊர்கள். ஏரிக்காவலர் எயினி களிமண்ணால் துளையை அடைக்க ஆட்களை இறக்கினார். எதற்கும் நூலோர் கருத்தைக் கேட்போம் என்று அமைச்சரே அவரைத் தடுத்து, தேடுமன்றத்துக்கு ஆளனுப்பினார்.

ஏழு நாடுகளும் கூடி நிறுவிய அம்மன்றத்தின் பெருமை தேவியார் அறியாததன்று. பொருளைச் சொன்னால் போதும். எந்தக் கல்லூரியில் எந்த நூல் உள்ளது என்று நொடியில் சொல்லி, நூற்சுருக்கத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அவ்வாறே கிடைத்தது, தங்கள் மணிவரைக் கல்லூரியில் உள்ள ஒரு நூலின் சுருக்கம். கலங்கல் கசியும் துளையைக் களிமண்ணால் அடைப்பது பெருந்தவறு என்றும், அடைத்தால் நீர் வேறிடத்தில் கரையைப் பிளக்கும் என்றும், செய்யத்தக்கது யாது என்பதை நூலினுள் காண்க என்றும் அது கூறுகிறது. நூலோ கல்லூரி முத்திரையின் கீழ் உள்ளது. இயற்றியவர் காலமாகிவிட்டார், வேறு படியும் இல்லை.

அமைச்சர் கல்லூரித் தலைவருக்கு எழுதினார். வாசிக்கும் உரிமை மணிவரையோடு இணைந்த உறுப்புக் கல்லூரிகளுக்கே உரியது என்றும், உறுப்பாக விண்ணப்பித்தால் பௌர்ணமிக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றும், அமைச்சரின் கல்வி ஆர்வம் பாராட்டத்தக்கது என்றும் மறுமொழி வந்தது. அந்தப் பாராட்டைக் கேட்டு எங்கள் அமைச்சர் சிரித்த சிரிப்பை இந்த ஓலையில் எழுத இயலாது.

தேடாமலே இருந்திருந்தால், தெரியாத்தனமாகவேனும் அடைத்துவிட்டு ஓய்ந்திருப்போம். இப்போது செய்யக்கூடாதது தெரிந்துவிட்டது, செய்ய வேண்டியது தெரியவில்லை.

ஆகவே அவர் கேட்பது இது. ஏடுகளை அனுப்ப வேண்டா. முத்திரையை நீக்கி, அந்த ஒரு பகுதியை மட்டும் எங்கள் தூதர் நற்கிள்ளி கேட்க உரக்க வாசித்தால் போதும். கேட்டதைக் கேட்டபடி வந்து சொல்லக்கூடியவர் அவர். உறுப்பாவதற்கான விண்ணப்பமும் உடன் வருகிறது. பௌர்ணமிக் கூட்டம் அதை ஆற அமரப் பார்க்கட்டும்.

வெண்ணாவல் வேந்தர் இலச்சினை இதன்மேல் உள்ளது. இவ்வோலை கொணர்பவரை எல்லையிலும் வாயிலிலும் எவரும் நிறுத்தற்க என்பது அவர் ஆணை.

இசைவில்லையாயின், தேவியார் அதையும் உடனே சொல்லியருள்க. வழி கிடைக்கும் என்று அமைச்சர் வாக்களித்துவிட்டார். அதை நம்பி மூன்று ஊராரும் மண்கூடைகளோடு கரைமேலேயே நிற்கிறார்கள். போகச் சொன்னாலும் போகவில்லை. இல்லை என்ற சொல் வந்தால்தான் கரையைவிட்டு இறங்கி உயிர் தப்புவார்கள்.