தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

ஜூன் 4, இரவு

என் அன்பு அக்காவுக்கு,

உன் சுண்டெலி எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், திட்டாதே.

அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டிலேயே படிக்க வேண்டுமாம். அம்மா சொல்லிக்கொடுப்பாள், அப்பா வேலை முடிந்து வந்து கேள்வி கேட்பார். எனக்கு மார்க் ஒன்றும் குறையவில்லை. ஏன் என்று கேட்டால், "பெரியவங்க யோசிக்காம செய்வாங்களா?" என்கிறார் அப்பா. அம்மா என்னைப் பார்க்காமல் பாத்திரம் துலக்குகிறாள்.

நாம் இருவரும் படுத்திருந்த அறைதான் வகுப்பறை. புது மேசை வந்துவிட்டது. அது பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று அப்பா அறைக்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினார். "கவனம் சிதறக் கூடாதுல்ல?" என்றார். நின்றுபோன லிஃப்டுக்குள் சிக்கியவர்களை வெளியே எடுப்பதுதானே அவர் வேலை! பூட்டிய அறை எனக்குப் பயம் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

உன் கடிதமெல்லாம் என் வகுப்புத் தோழி 'கண்ணாடி' வீட்டுக்குத்தான் வருகிறது. பள்ளி நின்றால் அவளை எங்கே பார்ப்பேன்? நீ சொல்லாமல் வீட்டை விட்டுப் போனதிலிருந்து இங்கே உன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. நீ எழுதுவது தெரிந்தால் என்ன ஆகுமோ. சீக்கிரம் பதில் போடு.

உன் சுண்டெலி


ஜூன் 9

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யும் துணிக்கடையில் நின்றுகொண்டே படித்தேன். தாழ்ப்பாள் என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் படிப்பது தப்பில்லை. இங்கே எதிர்வீட்டுப் பெண் அப்படித்தான் படிக்கிறாள். ஆனால் தொடங்குவதற்கு முன் வீடே உட்கார்ந்து சண்டை போட்டது. எதற்காக இது, எது முதலில், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு வாரம் தெருவுக்கே கேட்டது. அவள் அம்மாவுக்கு ரேங்க் வேண்டும், அவள் அப்பாவுக்குப் பெண் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவளுக்குப் படம் வரைய வேண்டும். கடைசியில் தூக்கம் ஜெயித்தது.

நீயும் கேள். முதலில் அம்மாவிடம். பிறகு அப்பாவிடம், அவர் கையில் திருப்புளி இருக்கும்போது. அப்போது அவருக்குப் பொய் வராது. உனக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடு. என் கடிதங்களைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. என்னை இழுத்துப் போக வந்துவிடுவாரோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

அக்கா


ஜூன் 15, இரவு

அக்கா,

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். கோபப்படாதே.

அப்பா மேசையின் ஆடுகிற காலை முடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னபடி, இது எதற்கு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கா?" அம்மா சிரித்துவிட்டாள். "எனக்கு என்ன வேணும்னு இந்த வீட்டுல கேட்ட முதல் ஆளு நீதான்டி. நீ பத்து மணிக்குத் தூங்கணும். தினம் போர்வைக்குள்ள டார்ச் எரியுதே, எனக்குத் தெரியாதா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பாவைப் பார்த்தேன்.

"படிப்புக்குத்தான்," என்றார்.

"அப்ப தாழ்ப்பாள் எதுக்குப்பா?"

திருகாணி கீழே உருண்டது. தேடுவதற்கு மேசைக்கு அடியில் போனவர் வெளியே வரவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"பெரியவ போன அன்னிக்கு நான் எவனோ ஒருத்தன லிஃப்ட்லேருந்து எடுத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தா கதவு திறந்து கிடக்கு. இவளும் ஸ்கூலுக்குன்னு சொல்லிட்டுப் போயி..."

"இதச் சொல்ல மேசைக்கு அடியில போகணுமா?" என்றாள் அம்மா.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். வீட்டிலேயே படிக்கிறேன், கதவைப் பூட்டக் கூடாது, வாரம் ஒருநாள் கண்ணாடி வீட்டுக்குப் போக வேண்டும்.

"அங்க என்ன இருக்கு?"

வாய் தவறிவிட்டது அக்கா. "அக்கா லெட்டர்," என்றேன்.

அப்பா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். திருப்புளியோடு அறைக்கதவுக்குப் போனார். நான் சமையலறை மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். திருகும் சத்தம் கேட்கிறது. கழற்றுகிறாரா, இன்னொன்று மாட்டுகிறாரா தெரியவில்லை. அம்மாவும் அசையாமல் நிற்கிறாள்.

நாளை பள்ளிக்கு விட்டால் இதைக் கண்ணாடியிடம் கொடுப்பேன்.

சுண்டெலி


ஜூன் 18

சுண்டெலி, என்னடி ஆச்சு? ஒரு வரி எழுது. நீ தப்பு எதுவும் செய்யவில்லை. வாசலில் பைக் நின்றாலே எழுந்து பார்க்கிறேன். எனக்காக இல்லை, உன்னை நினைத்துத்தான்.

அக்கா


ஜூன் 21, பகல்

அன்பு அக்காவுக்கு,

உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து நடுங்கியிருப்பாய். ஆமாம், அப்பாதான் எழுதினார். கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதுவே போதும்.

தாழ்ப்பாள் இப்போது எந்தப் பக்கமும் இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டைதான். அரையாண்டு வரை வீட்டில் படித்துப் பார்ப்பது, எனக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி பள்ளி. சனிக்கிழமை கண்ணாடி வீடு. பத்து மணிக்குத் தூக்கம், அம்மா ஜெயித்துவிட்டாள்.

உன் முகவரியை அப்பா கேட்டபோது அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். "போக மாட்டேன்மா. என் கையால எழுதணும், அவ்வளவுதான்," என்றார். இரண்டு உறை பாழாகி மூன்றாவதில்தான் சரியாக வந்தது. கொடுத்தது சரியா என்று தெரியவில்லை அக்கா, இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "அவ கூப்பிட்டாத்தான் வருவேன்னு எழுது."

எழுதிவிட்டேன். உறையை ஒட்டுவதற்காக எதிரே காத்திருக்கிறார், இந்தக் காகிதத்தைப் பார்க்காமல், திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு.

உன் சுண்டெலி